நாட்காட்டித் தாளும் நம் பிள்ளைகளும்

(வெள்ளி விழாப் பொதுக்கூட்டத்தில் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர் ஆற்றிய உரை)



விழா மேடையில் கணக்கைப் பற்றிப் பேசினால் பாதிப் பேர் எழுந்து போய்விடுவார்கள் என்று சாமியாரிடம் சொன்னேன். "சாப்பாடு அதற்குப் பிறகுதான்" என்றார். ஆகவே துணிந்து பேசுகிறேன்.

1937-ல் பிரான்சிலிருந்து வந்த இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன் அடிகளார், 1939 முதல் லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்தார். மேல்நாட்டில் அன்று வளர்ந்துவந்த புதுக் கணிதத்தை நம் பிள்ளைகள் முன் வைத்தவர் அவர். வட ஆர்க்காட்டுத் தண்டரைச் சிற்றூரில் பிறந்த எம். எஸ். நரசிம்மனும், செங்கற்பட்டில் வளர்ந்த சி. எஸ். சேஷாத்ரியும் அவருடைய மாணவர்கள். இருவரும் சேர்ந்து 1965-ல் வெளியிட்ட தேற்றம் உலகெங்கும் அவர்கள் பெயராலேயே வழங்குகிறது. சேஷாத்ரி தோற்றுவித்த கணிதக் கழகம் தாம்பரத்துக்குத் தொலைவில்லாத சிறுசேரியில்தான் இருக்கிறது.

அதே 1965-ல் தோன்றிய இந்தியக் கணித ஆசிரியர் சங்கம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் திறனறிப் போட்டி நடத்திவருகிறது. நம்மைச் சுற்றியுள்ள கிராமத்துப் பிள்ளைகள் பலருக்கு அப்படியொன்று இருப்பதே தெரியாது. தெரிந்தாலும், "அது இங்கிலீஷ் பள்ளிக்காரருக்கு" என்று நாமே தடுத்துவிடுகிறோம்.

என் தவறையும் சொல்லிவிடுகிறேன். நாட்காட்டியில் மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று தேதி: 8, 9, 10, 15, 16, 17, 22, 23, 24. கூட்டச் சொன்னேன். ஏரிக்கரை ஊரிலிருந்து நடந்து வரும் பையன் ஒருவன், 16-ஐ ஒன்பதால் பெருக்கி 144 என்று ஒரே வரியில் எழுதியிருந்தான். வழிமுறை இல்லையென்று சுழித்துவிட்டேன். "நடு எண்ணுக்கு எதிரெதிரே இருக்கிற ரெண்டைக் கூட்டினா எப்பவும் 32 சார்" என்றான். "போய் உட்கார்" என்றேன். போட்டித் தேர்வில் கேட்பது இந்தப் பார்வையைத்தான்; அது அவனிடம் தானாக இருந்தது. அவன் பத்தாம் வகுப்போடு நின்றுவிட்டான்.

பின்னாளில் முத்தியால்பேட்டைப் பள்ளி ஆசிரியர் பி. கே. சீனிவாசன் நாட்காட்டி எண்களைக் கொண்டே ஒரு சிறு நூல் எழுதியிருப்பதைக் கண்டபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது.

வரும் ஞாயிறு முதல், இரண்டாம் பூசைக்குப் பின் மறைக்கல்வி அறையில் ஒரு மணி நேரம் நான் இருப்பேன். எந்தப் பள்ளிப் பிள்ளையும், எம்மதத்துப் பிள்ளையும் வரலாம். கட்டணம் இல்லை. கிழித்த நாட்காட்டித் தாள்களை எறியாமல் கொடுத்தனுப்புங்கள். பின்பக்கத்தில் கணக்குப் போடலாம்.