மீன் தொட்டிக்குள் வழிக்கல்

திருப்பூர் – பல்லடம் சாலையில் அருள்புரத்தைச் சுற்றிய காடுகரைகளில் கருங்கல்லும் வெங்கச்சங்கல்லும் நிறையக் கிடைக்கும். இவ்விரண்டும் நீரில் கரையாததால் மீன் தொட்டிக்கு ஏற்றவை. சுண்ணாம்புக்கல் அப்படியல்ல. அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் கூட்டும். கப்பி, மோலி மீன்கள் அதைத் தாங்கும், நியான் டெட்ரா தாங்காது.

கண்டுபிடிக்கும் வழி எளிது. கல்லைச் சுரண்டி, அந்த இடத்தில் சில சொட்டு வினிகர் விட வேண்டும். பொரிந்து நுரைத்தால் அது சுண்ணாம்பு. சில கற்கள் மெதுவாகவே நுரைக்கும் என்பதால் காது கொடுத்துக் கேட்பதும் நல்லது. துருக்கறையோ உலோக மினுமினுப்போ உள்ள கல்லும் வேண்டாம்.

நொய்யல் கரைக் கல் அழகுதான். ஆனால் 2011-இல் சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிடும் அளவுக்குக் கழிவு கலந்த ஆறு அது. அதன் கல்லைத் தவிர்ப்பதே உத்தமம்.

தேறிய கல்லை சோப்பு போடாமல் பிரஷ்ஷால் தேய்க்க வேண்டும். அடுப்பில் வேகவைக்கக் கூடாது: உள்ளிருக்கும் ஈரம் ஆவியாகிக் கல் வெடித்துத் தெறிக்கலாம். வெந்நீர் ஊற்றிக் கழுவி, வாளித் தண்ணீரில் ஒரு வாரம் ஊறவைத்து, தினமும் நீரை மாற்றினால் போதும். பெரிய கல்லைத் தொட்டியின் அடிக்கண்ணாடியில் நேராக வைத்து, அதன்பிறகே மணல் பரப்ப வேண்டும்.