வெள்ளிக் காசும் வீட்டுக்காரியும்

நடுவர் அவர்களே! நாணயக் கண்காட்சியிலே மலிவாக் கிடைக்கிறதெல்லாம் அதிர்ஷ்டம்னு எதிரணி அம்மா அடிச்சுச் சொல்லிட்டுப் போனாங்க. ஐயா, நானும் ஒரு காலத்திலே அந்தக் கட்சிதான். அதுக்கு நான் கட்டின ஃபீஸைக் கேளுங்க.

முதல் தடவை போனேன். ஆறாம் ஜார்ஜ் தலை போட்ட ரூபாய்கள். "எடைக்கு எடை வெள்ளி விலைதான் சார்"னாரு கடைக்காரர். பொண்ணு காலேஜுக்குக் கட்ட வச்சிருந்த பணம் பையிலே இருந்துச்சு. இருபது காசு அள்ளிட்டேன்! என் வீட்டுக்காரி நகைப் பட்டறைக்காரர் மகள். வருஷத்தைப் பார்த்தா. 1944, 1945. "ஏங்க, 1940-லே யுத்தத்துக்காக ரூபாயிலே வெள்ளியைப் பாதியாக் குறைச்சுட்டான். தெரியாதா?" அதுக்கு முன்னாடி நூத்துக்கு 91-க்கு மேலே வெள்ளி. ஆனா எடை மாறலே, ரெண்டும் 11.66 கிராம்தான். தராசு எப்படிக் காட்டிக் கொடுக்கும்? முழு விலை கொடுத்துப் பாதி வெள்ளி வாங்கியிருக்கேன். (சிரிப்பு) சிரிக்கிறீங்க, மகளுக்கு ஃபீஸ் கட்ட அன்னிக்கு அவ வளையல் அடகுக்குப் போச்சு.

அடுத்த வருஷம் அவளே கூட வந்தா. தராசு, பூதக்கண்ணாடி, ஒரு காந்தம். போலியிலே இரும்பு இருந்தா காந்தம் பிடிக்கும், வெள்ளியைப் பிடிக்காது. பளபளன்னு இருந்ததை அவ தொடவே இல்லை. புளி போட்டுத் தேய்ச்ச காசுக்கும், மாலையிலே கோக்க வளையம் ஒட்டின காசுக்கும் சேகரிக்கிறவங்ககிட்டே மதிப்புக் குறைவாம். கடைசி நாள் சாயங்காலம். மூட்டை கட்டுற நேரத்திலே வியாபாரி கொஞ்சம் இறங்கித்தான் வருவார். ஐந்தாம் ஜார்ஜ் ரூபாய் ஒரு தட்டு நிறைய, ஒரே விலை. கிளறினவ ஒண்ணை எடுத்தா. 1911!

ராஜாவோட அங்கியிலே இருந்த யானை, பார்க்கப் பன்றி மாதிரி இருக்குன்னு எதிர்ப்பு வந்து திரும்ப வாங்கினாங்களே, அந்த ரூபாய். 1912-லே யானையைத் திருத்திட்டாங்க.

அதிர்ஷ்டமா நடுவர் அவர்களே? அதே தட்டை அஞ்சு நிமிஷம் முன்னாடி நானே கிளறிட்டுத்தான் "ஒண்ணுமில்லே, வா"ன்னேன்! (பலத்த கைதட்டல்)

அந்தக் காசு இப்போ அவ மூக்குத்தி டப்பாவிலே இருக்கு. எனக்குச் சாவி கிடையாது.