ஒரு பழைய ஹெரால்டு கார்

பழைய மோட்டார் கார் ஒன்றைப் பழுதுபார்த்த அனுபவத்தைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டபோது, "நீர் பொறியியல் படித்தவரா?" என்று நண்பர் ஒருவர் வினவினார். இல்லை. நான் படித்தது வணிகவியல். ஸ்பானரை எந்தப் பக்கம் திருப்பினால் நட்டு கழலும் என்பதைக்கூட இருபத்துமூன்றாம் வயதில்தான் கற்றேன். இதனை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது; ஏனெனில் நான் சொல்லப்போவது ஒரு நிபுணனின் உரை அன்று, பிழை பல செய்த ஒரு கற்றுக்குட்டியின் கணக்கு.

2015-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் முதல் நாள் இரவு அடையாற்றில் வந்த வெள்ளத்தைச் சென்னை மக்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். ஆற்றங்கரையை ஒட்டிய கோட்டூர்புரத்துத் தெருக்களில் வீட்டுக்குள் ஆளுயரத் தண்ணீர் நின்றது. நீர் வடிந்தபின் சேறு அள்ளச் சென்ற இளைஞர் கூட்டத்தில் நானும் ஒருவன். அங்கே ஒரு வீட்டின் கொட்டகையில், ஜன்னல் கண்ணாடி வரை சேற்றுக்கோடு படிந்து, ஒரு சிறிய கார் நின்றுகொண்டிருந்தது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவ்வீட்டு மாமிக்கு எழுபத்தொன்பது வயது. அவர் கணவர் 1966-இல் புதிதாக வாங்கிய வண்டி அது. அவர் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன. பழைய இரும்பு வாங்குபவர் ஒருவர் பதினைந்தாயிரம் ரூபாய் பேசிக்கொண்டிருந்தார்.

"இங்கேயே வைத்து வெட்ட வேண்டாம், என் கண்ணால் பார்க்க முடியாது" என்று மட்டும் மாமி அவரிடம் கேட்டுக்கொண்டார். அந்தச் சொல் என்னை என்ன செய்ததோ, அறியேன். "மாமி, அதே தொகைக்கு நான் எடுத்துக்கொள்கிறேன், மூன்று தவணையாகத் தருகிறேன்" என்று சொல்லிவிட்டேன். அப்போது என் மாதச் சம்பளம் பதினான்காயிரம். மாமி என்னைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, "இது ஓடுகிற நாளில் என்னைக் கபாலி கோயிலுக்கு ஒருமுறை அழைத்துப் போ. அது போதும்" என்றார். தவணையைவிட அந்த வாக்குத்தான் எனக்குப் பெரும் கடனாயிற்று.

இந்தக் காரின் பிறப்பைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். இங்கிலாந்தில் 1959-இல் டிரையம்ப் ஹெரால்டு என்ற பெயரில் வெளிவந்தது இது. உருவம் வரைந்தவர் இத்தாலி நாட்டு டியூரின் நகரத்தவரான மிக்கலோட்டி. சென்னைக்குத் தெற்கே வண்டலூரில் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலையில் 1961 முதல் இது நம் நாட்டிலும் செய்யப்பட்டது. ஆகவே இதனைச் சென்னையின் கார் என்றே சொல்லலாம். அத்தொழிற்சாலை இன்று இல்லை. 1980-களின் இறுதியில் மூடப்பட்டுவிட்டது.

இதன் உடலமைப்பில் ஒரு விந்தை உண்டு. அக்காலத்தில் மற்ற கம்பெனிகள் காரின் உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகவே வார்த்தாற்போலச் செய்யத் தொடங்கியிருந்தன. ஸ்டாண்டர்டு கம்பெனிக்கு உடல் செய்து கொடுத்த தொழிற்சாலையைப் போட்டிக் கம்பெனி ஒன்று 1953-இல் விலைக்கு வாங்கிவிட்டது. முழு உடலைச் செய்து தருவார் இல்லாமையால், தனிச் சட்டம் ஒன்றைச் செய்து, அதன்மேல் பல இடங்களில் செய்த தகடுகளைப் போல்ட்டுகளால் பூட்டும் முறையை மேற்கொண்டார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த முறை, அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு என்னைப் போன்ற ஏழைக் கற்றுக்குட்டிக்குப் பேருதவியாயிற்று. ஒரு தகடு துருப்பிடித்தால் அதனை மட்டும் கழற்றலாம். முன்பக்கத்து மூடியோ, மட்கார்டுகளோடு சேர்ந்து முழுவதுமாக முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். முன்சக்கரத்தின்மேலேயே அமர்ந்துகொண்டு இயந்திரத்தைப் பழுதுபார்க்கலாம். எனக்குத் தெரிந்த வேறு எந்தக் காரும் பழகுபவனுக்கு இவ்வளவு இடம் கொடுப்பதில்லை. 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் என்பது இதன் மற்றொரு புகழ். மயிலாப்பூர் மாட வீதிகளில் அதன் அருமை தெரியும்.

மந்தைவெளியில் உறவினர் வீட்டு முற்றத்துக்கு வண்டியை இழுத்து வந்தோம். அன்றே சாவியைத் திருகிப் பார்க்க என் கை துடித்தது. நல்ல வேளையாக, இராயப்பேட்டையில் பட்டறை வைத்திருந்த முதியவர் ஒருவரைத் துணைக்கு அழைத்திருந்தேன். எல்லாரும் அவரைப் பாய் என்றே அழைப்பார்கள். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, உள்ளே தண்ணீர் இருக்கிறது. காற்று அமுங்கும், தண்ணீர் அமுங்குமா?" என்றார். சிலிண்டருக்குள் நீர் நிற்கும்போது ஸ்டார்ட்டரை இயக்கினால், மேலே எழும் பிஸ்டன் அமுங்காத நீரின்மீது மோதிக் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பள்ளியில் இயற்பியலில் படித்ததுதான். ஆனால் கை துடிக்கும்போது அது நினைவுக்கு வருவதில்லை.

ஸ்பார்க் பிளக்குகள் நான்கையும் கழற்றினோம். அடியில் எண்ணெய் அடைப்பானைத் திறந்தபோது வந்தது எண்ணெய் அன்று. மோர் போன்ற ஒரு குழம்பு. பிஸ்டன்கள் துருவால் இறுகியிருந்தன. ஒவ்வொரு சிலிண்டரிலும் டீசலும் எண்ணெயும் கலந்து ஊற்றிப் பத்து நாள் ஊறவிட்டோம். நாள்தோறும் அலுவலகம் விட்டு வந்து, முன்புறத்துப் புல்லியை ஸ்பானரால் சிறிதளவு அசைத்துப் பார்ப்பேன். ஒன்பது நாள் அசையவில்லை. பத்தாம் நாள் ஒரு விரற்கடை நகர்ந்தது. அன்று நான் அடைந்த மகிழ்ச்சிக்குத் தேர்வில் தேறிய மகிழ்ச்சி ஈடாகாது.

இது 948 கன சென்டிமீட்டர் இயந்திரம்; நான்கு சிலிண்டர்; ஒவ்வொன்றின் குறுக்களவும் 63 மில்லிமீட்டர். சிலிண்டர்களை லேத் பட்டறையில் சிறிது அகலப்படுத்தி, அதற்கேற்ற பிஸ்டன்களைப் போட்டோம். உதிரிப் பொருள்களுக்காக ஞாயிறுதோறும் புதுப்பேட்டைச் சந்துகளில் அலைந்தேன். அங்கே கடைக்காரரிடம் பொருளின் பெயரைச் சொல்வதைக் காட்டிலும், தேய்ந்த பழம் பொருளைக் கையில் கொண்டுபோய்க் காட்டுவதே மேல். பெயர் ஏமாற்றும், அளவு ஏமாற்றாது. டிஸ்ட்ரிபியூட்டரின் பாயிண்டு இடைவெளி ஏறத்தாழ 0.4 மில்லிமீட்டர் இருக்கவேண்டும். அதை ஃபீலர் கேஜ் தகட்டால் அளந்து வைக்க மூன்று மாலைகள் செலவாயின. ரப்பர்ப் பெட்ரோல் குழாய்களை எல்லாம் புதிதாக மாற்றினேன். இக்காலப் பெட்ரோலில் கலந்துள்ள எத்தனால் பழைய ரப்பரை அரித்துவிடும்.

நான் வணிகவியல் மாணவன் என்றேனல்லவா? எனவே ஒரு கணக்குப் புத்தகம் வைத்திருந்தேன். மொத்தச் செலவுக்கு அறுபதாயிரம் என்று வரம்பு கட்டியிருந்தேன். இயந்திரம் உயிர்பெற்ற நாளில் பாதிக்குமேல் தீர்ந்துவிட்டது. எஞ்சியதில் என்ன செய்தேன் தெரியுமா? தியாகராய நகரில் இருக்கைக்கு உறை தைத்தேன். டிங்கர் வேலை செய்து, பட்டி தடவி, வெளிர்நீல வண்ணம் பூசினேன். வண்ணத்துக்கு மட்டும் இருபத்தெட்டாயிரம். தெருவில் போவோர் நின்று பார்த்தார்கள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அதே புத்தகத்தில் 'பிரேக்கு' என்ற தலைப்பின்கீழ் எழுதியிருந்த தொகை என்ன? ஒன்றும் இல்லை. பாயிடம், "பிரேக்கை நானே பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லி, சக்கரங்களில் உள்ள சிலிண்டர்களைக் கழற்றி, மண்ணெண்ணெயில் பளபளவென்று கழுவி, பழைய ரப்பர் கிண்ணங்களையே திரும்பப் பூட்டியிருந்தேன். புதியவை முந்நூறு ரூபாய்தான் ஆகியிருக்கும்.

2017-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஒரு ஞாயிறு காலை. மாமியைக் கோயிலுக்கு அழைத்துச் செல்லக் குறித்த நாள். மந்தைவெளியிலிருந்து புறப்பட்டுக் கோட்டூர்புரம் பாலத்தின்மேல் ஏறினேன். பிரேக் மிதி ஒரு வாரமாகவே சற்று மென்மையாக இருந்தது. வண்டி பழகவேண்டும் என்று எண்ணியிருந்தேன். பாலத்தின் இறக்கத்தில் ஒரு பெண் குழந்தையின் கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்துகொண்டிருந்தார். மிதியை அழுத்தினேன். அது தரை வரை சென்றது, வண்டி நிற்கவில்லை.

அந்நாளைய கார்களில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே பிரேக் குழாய்த் தொடர்தான். ஓரிடத்தில் திரவம் கசிந்தால் நான்கும் கைவிடும். கைப்பிரேக்கு மட்டும் கம்பியால் இயங்குவது; பின்சக்கரங்களைப் பிடிக்கும். அதனை இரண்டு கையாலும் இழுத்தேனா, ஒரு கையால் இழுத்தேனா, கியரை எப்போது குறைத்தேன் என்பதொன்றும் நினைவில்லை. வண்டி நின்றபோது அவர்களுக்கும் எனக்கும் இடையே ஐந்தடி இருந்திருக்கும். அந்தப் பெண் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. குழந்தைக்கு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டே நடந்து போனார். புது வண்ணம் வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி நெடுநேரம் நடுங்கிக்கொண்டிருந்தேன்.

வண்டியை ஓரமாகத் தள்ளிவிட்டு மாமியின் வீட்டுக்கு நடந்தே போனேன். பட்டுப் புடவை உடுத்து, அருச்சனைத் தட்டுடன் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். ஏதேனும் சாக்குச் சொல்லியிருக்கலாம், உண்மையைச் சொன்னேன். அவர் கோபிக்கவில்லை. "கோயில் எங்கேயும் போய்விடாது. நீ முதலில் காப்பி சாப்பிடு" என்றார்.

பாய் சக்கரத்தைக் கழற்றிப் பார்த்தார். ரப்பர்க் கிண்ணம் ஊறவைத்த கொண்டைக்கடலைபோல உப்பி, விளிம்பு மடங்கிக் கிடந்தது. "எதில் கழுவினாய், தம்பி?" என்று கேட்டார். சொன்னேன். பிரேக்குத் திரவம் ஒருவகை. மண்ணெண்ணெய், பெட்ரோல், எஞ்சின் எண்ணெய் எல்லாம் வேறுவகை. பிரேக்கு ரப்பர் இவ்வெண்ணெய்களைக் குடித்து வீங்கிப் பதம் கெட்டுவிடும். அதனால் பிரேக்குத் திரவத்தாலேயே கழுவவேண்டும். அத்திரவமும் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. நாளடைவில் குழாய்களை உள்ளேயே துருப்பிடிக்கச் செய்யும். என் வண்டியோ வெள்ளத்தில் மூழ்கியது! பாய் திட்டவில்லை. நான்கு சக்கரங்களையும் நானே தனியாகக் கழற்றி, மாஸ்டர் சிலிண்டர் முதல் கடைசிக் குழாய் வரை புதிதாகப் பூட்டும்படி செய்தார். தாம் ஸ்டூலில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் முடித்தபின் ஒவ்வொரு முடுக்கையும் தம் கையால் ஒருமுறை சோதித்தார். அதற்குக் கூலி வாங்கவில்லை.

கணக்குப் புத்தகத்தின் இறுதித் தொகை ஒரு லட்சத்துப் பன்னிரண்டாயிரம். வரம்பு ஏறத்தாழ இருமடங்காயிற்று. உங்களில் எவரேனும் இம்முயற்சியில் இறங்கினால், வண்டியைப் பார்க்குமுன் அதன் ஆர்.சி. புத்தகத்தைப் பாருங்கள். பதினைந்து ஆண்டு கடந்த சொந்தக் காரின் பதிவை ஐந்தாண்டுக்கொருமுறை புதுப்பிக்கவேண்டும். ஐம்பது ஆண்டு கடந்த வண்டிகளை 'விண்டேஜ்' என்று தனியே பதிவதற்கு 2021-இல் மத்திய அரசு விதி வகுத்திருக்கிறது. அப்படிப் பதிந்த வண்டியை அன்றாட வேலைக்கு ஓட்ட இயலாது. தாள் சரியாக இல்லாத கார், எவ்வளவு அழகாக இருந்தாலும் முற்றத்துப் பொம்மைதான்.

நகர வரலாற்றை எழுதியவர்கள் ஒரு செய்தி சொல்வார்கள். 1894-ஆம் ஆண்டிலேயே பாரி கம்பெனியைச் சேர்ந்த யார்க் என்னும் ஆங்கிலேயர், அடையாற்றிலிருந்து தம் அலுவலகத்துக்குக் காரில் சென்றாராம். இந்நகரம் கண்ட முதல் கார் அதுவாம். வழியில் அதனைத் தள்ள எத்தனை பேர் உதவினார்களோ!

அவ்வாண்டு மே மாதத்தில், பாய் பின்னிருக்கையில் அமர்ந்து காவல் காக்க, மாமியை அழைத்துச் சென்றேன். பாலத்தின் இறக்கத்தில் மிதியை மெல்ல அழுத்தினேன். கல்போல நின்று பிடித்தது. மாமி வழிநெடுக ஒன்றும் பேசவில்லை. தெப்பக்குளத்தின் ஓரமாக வண்டியை நிறுத்தியபோது, கண்ணாடியை ஏற்றுவதற்காகப் பக்கத்துக் கைப்பிடியைச் சுற்றினார். அது பாதியில் இறுகி நின்றது.

"அப்போதும் இப்படித்தான். மாமா கடைசி வரைக்கும் இதைச் சரி பண்ணவே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கோயிலை நோக்கி நடந்தார்.