பாட்டும் பந்தியும்
கரவெட்டியில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவு

  

பிணக்கு நீங்கள் அறிந்ததுதான். தமிழ்க் கிறிஸ்தவ சபைகளின் ஞாயிறு ஆராதனையில் கீர்த்தனையா, மேல்நாட்டு மெட்டில் அமைந்த ஞானப்பாட்டா, கிற்றாரும் கீபோர்டும் சேர்ந்த கோரஸா? கீர்த்தனை நம்முடையது, மற்றவை இரவல், ஆகவே வழக்கு முடிந்தது என்பது என் சக ஆய்வாளர் பலரின் தீர்ப்பு. கருத்தரங்குகளில் இதை நான் பலமுறை மறுத்திருக்கிறேன். இன்று காரணங்களை முழுமையாக வைக்கிறேன்.

வேதாகமம் இராகத்தையும் தாளத்தையும் விதிக்கவில்லை. 150ஆம் சங்கீதம் வாத்தியங்களை அடுக்குகிறது, மெட்டு எதையும் தரவில்லை. நியாயம் இல்லாத இடத்தில் பாட்டே வெறும் இரைச்சல் என்று ஆமோஸ் ஐந்தாம் அதிகாரத்தில் தள்ளிவிடுகிறார். கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் பவுலின் கவலை ஒன்றுதான்: பக்கத்தில் நிற்கும் கல்லாதவர் விளங்கிக்கொண்டு ஆமென் சொல்வாரா? அதற்கு முன்பே, 11ஆம் அதிகாரத்தில், கர்த்தருடைய பந்தியில் ஏழைகளை வெட்கப்படுத்தியவர்களை அவர் கண்டித்துவிடுகிறார். பந்தி முதலில், பாட்டு பிறகு. என் வாதம் முழுவதும் இந்த வரிசையில் நிற்கிறது.

தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியாரை எடுத்துக்கொள்வோம். 1774இல் திருநெல்வேலியில் பிறந்தவர். மிஷனரி சுவார்ட்ஸ் ஐயரின் மாணவர். இரண்டாம் சரபோஜி மன்னரின் ஆதரவு பெற்றவர். கோயிலையும் தலைவனையும் பாடிவந்த குறவஞ்சியை எடுத்துப் 'பெத்லகேம் குறவஞ்சி' ஆக்கியவர். புதிதாக வந்த மிஷனரிமார் தமிழ்ப் பாட்டையும் தமிழ் வாத்தியத்தையும் ஆலயத்திலிருந்து விலக்க முற்பட்டபோது, 1829இல் அவர் எழுத்தில் எதிர்ப்புத் தெரிவித்தார். நமது மேடைகளில் கதை இத்தோடு முடியும். கலைஞர் ஒருபக்கம், அந்நியர் மறுபக்கம், கைதட்டல்.

ஆனால் அந்த எழுத்தில் முறைப்பாடுகள் நான்கு. பழைய தமிழ் வேதாகமத்தை மாற்றுகிறார்கள் என்பது ஒன்று. கலியாணத்திலும் சாவிலும் பூவைத் தடுக்கிறார்கள் என்பது ஒன்று. தமிழ்ப் பாட்டை நீக்குகிறார்கள் என்பது ஒன்று. சாதிகளைக் கலந்து இருத்துகிறார்கள் என்பது மற்றொன்று. கீர்த்தனைக்காக வாதாடிய அதே கை, அதே தாளில், பந்தியில் வேறுபட்டிருக்கும் உரிமைக்காகவும் வாதாடியது. என் நண்பர்கள் மூன்றைச் சொல்லி நான்காவதை விழுங்கிவிடுகிறார்கள். இது வரலாற்றுக்குச் செய்யும் அநீதி. 11ஆம் அதிகாரத்தில் மிஷனரிமார் சரி, 14ஆம் அதிகாரத்தில் சாஸ்திரியார் சரி. இரண்டையும் சேர்த்துப் படித்தவர் இரு பக்கத்திலும் இல்லை.

பாட்டில் அவர் ஏன் சரி? தமிழர் என்பதால் அல்ல. ஜெர்மன் மெட்டுக்குள் தமிழைத் திணிக்கும்போது குறில் நீளும், நெடில் சுருங்கும். 'பலம்' என்று எழுதியிருக்கும், சபையின் வாயில் 'பாலம்' என்று வரும். கீர்த்தனையிலோ ஒருவர் சரணத்தைப் பாட, சபை பல்லவிக்குத் திரும்புகிறது. எழுத்தறியாத கிழவி முழுப் பாட்டையும் அறிய வேண்டியதில்லை. பல்லவி வந்ததும் சேர்ந்துகொள்வாள். பவுல் கேட்ட ஆமென் அதுதான். 1853இல் எட்வர்ட் வெப் சாஸ்திரியாரின் பாடல்களையும் சேர்த்துக் கீர்த்தனைப் புத்தகம் வெளியிட்டார். அவர் ஊழியம் செய்த அமெரிக்க மதுரை மிஷன், 1834இல் நமது யாழ்ப்பாண மிஷனிலிருந்து கிளைத்தது. மிஷனரிகள் எல்லோரும் தமிழிசைக்குப் பகைவர் என்ற வாதமும் இங்கே உடைகிறது.

சபை சேர்ந்து பாட முடிகிறதா என்பதே அளவுகோல் என்றால், கீர்த்தனையையும் அதே உரைகல்லில் உரைக்க வேண்டும். சங்கதி போட்டு இழுத்து, தேர்ந்த நாலு பேர் பாட மற்றவர்கள் கேட்டிருக்கும் கீர்த்தனை, இராகம் எவ்வளவு சுத்தமானாலும், 14ஆம் அதிகாரத்தில் தோற்றுவிடும். மூன்றே வரியைச் சபை முழுவதும் பாடும் கோரஸ் அங்கே தேறலாம். ஒலிபெருக்கியில் சபையின் குரலை அமுக்கும் கோரஸ் தேறாது. மெதடிஸ்த இயக்கத்தைத் தொடங்கிய ஜோன் வெஸ்லி 1761இல் பாடுவோருக்கு எழுதிய நெறிகளிலும் இந்தக் கவலை உண்டு: எல்லோரும் பாடுங்கள், மற்றவர் குரலை மூடும்படி கத்தாதீர்கள்.

பறையைப் பற்றி ஒரு சொல். ஆலயத்துக்குள் பறை வரவேண்டும் என்று எழுதும் இளைஞர்களின் நோக்கம் நல்லது. ஆனால் செத்தவீட்டில் பறையடிப்பதைத் தம்மீது சுமத்திய இழிவென்று கைவிட்டவர்களின் பிள்ளைகளும் நம்மிடையே இருக்கிறார்கள். முதலில் அவர்களைக் கேட்கவேண்டும். கன்பொல்லையின் சாதி எதிர்ப்புப் போராட்டத்தை அறிந்த கரவெட்டியில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

  

மாணவருக்குச் சில பணிகள். இயேசுவின் பாடுகளைச் சொல்லும், யாக்கோமே கொன்சால்வெஸ் அடிகளின் வியாகுலப் பிரசங்கத்தைத் தபசுகாலத்தில் படிக்கும் இராகங்களை ஊர் ஊராக ஒலிப்பதிவு செய்ய வேண்டும். வடமராட்சி மெதடிஸ்த சபைகளில் முதியோர் பாடும் கீர்த்தனை மெட்டுகளை அச்சிட்ட இராகக் குறிப்புகளோடு ஒப்பிட வேண்டும். சபைக் குறிப்பேடுகள் எஞ்சியிருந்தால், பாடகர் குழுவில் யார் யார் சேர்க்கப்பட்டார்கள், யார் பெயர் ஒருபோதும் வரவில்லை என்று தேடவேண்டும். மூன்றில் கடைசியைத்தான் முதலில் தொடங்கச் சொல்வேன்.