மூளை ஆபரேஷனும் ரத்த அழுத்தமும்

(பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லைக் கிராமங்களின் அங்கத்தினர் கூட்டத்தில் பேசியது)



ரத்த அழுத்தம் என்றாலே குறைக்க வேண்டியது என்று நினைக்கிறோம். குறைந்தாலும் ஆபத்து என்று காட்டும் ஓர் அபூர்வ வியாதி உண்டு. பெயர் மோயாமோயா. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்கள் சிறுகச் சிறுக அடைபடும். ஈடுகட்ட மெல்லிய குழாய்கள் கொத்தாக உண்டாகும். ஆஞ்சியோகிராம் படத்தில் அவை புகைபோலத் தெரிவதால், 1969-ல் ஜப்பானிய டாக்டர்கள் ஸுஸுகியும் தகாகுவும் இந்தப் பெயரை வைத்தார்கள்.

குழந்தைகளுக்கும் நடுவயதினருக்கும் இது வரும். சூடான ஆகாரத்தை ஊதும்போதோ, தேம்பி அழும்போதோ குழந்தைக்கு ஒரு பக்கக் கைகால் தளர்ந்து, சற்று நேரத்தில் சரியாகலாம். வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் கரியமில வாயு குறையும். மூளையின் குழாய்கள் சுருங்கும். அதுவே காரணம். சரியாகிவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது.

ஆபரேஷனில், நெற்றிப்பொட்டருகே தோலுக்கடியில் ஓடும் ரத்தக்குழாயை மூளையின் மேலுள்ள குழாயோடு இணைப்பார்கள். மயக்க மருந்து கொடுத்தால் யாருக்கும் அழுத்தம் இறங்கும். நல்ல மூளை தன் குழாய்களை விரித்துச் சமாளிக்கும். இவர்களுக்கு அவை முன்பே விரிந்திருப்பதால் மேலும் விரிய இடமில்லை, பக்கவாதம் வரலாம். வழக்கமாக 150 உள்ளவருக்கு 110 நல்ல அளவு அல்ல. அதனால் மணிக்கட்டு நாளத்தில் நுண்குழாய் வைத்து ஒவ்வொரு துடிப்பிலும் அழுத்தத்தைப் பார்க்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பின் கவலை நேர்மாறு. வறண்ட வாய்க்காலில் மடை திறந்தாற்போல ரத்தம் பாயும். அப்போது அழுத்தம் ஏறினால் வலிப்போ ரத்தக்கசிவோ ஏற்படலாம்.

வீட்டார் செய்ய வேண்டியவை சில:

1. ஆபரேஷனுக்கு முன் தினமும் பி.பி. பார்த்துத் தேதியோடு எழுதி, மயக்க மருந்து டாக்டரிடம் காட்டுங்கள். நோயாளியின் வழக்கமான அளவு அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

2. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தவோ கூட்டவோ வேண்டாம்.

3. ஏகாதசி, சஷ்டி உபவாசம் வேண்டாம். உடலில் நீர் குறைந்தால் அழுத்தம் இறங்கும். எப்போதிலிருந்து தண்ணீர் குடிக்கக் கூடாது என்று டாக்டரிடம் கேளுங்கள்.

4. குழந்தையை அழவிடாதீர்கள்.

5. பின்னாளில் மூக்குக்கண்ணாடியின் காம்பு, இணைத்த இடத்தை அழுத்தக் கூடாது.

சிகிச்சைக்கு நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. திருவிதாங்கூர் அரச குடும்பம் 1973-ல் தந்த கட்டடத்தில் தொடங்கி, 1980-ல் பார்லிமெண்ட் சட்டத்தால் தேசிய முக்கியத்துவம் பெற்ற ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் திருவனந்தபுரத்திலேயே இருக்கிறது. பாறசாலையிலிருந்து சுமார் 30 கி.மீ. தான். கைகால் தளர்ச்சி ஒரு தடவை வந்து போனாலும் அன்றைக்கே புறப்படுங்கள்.