உலக வியாபாரத்திற்குச் சீனா தலைமை வகிக்குமா?



சீன தேசம் உலக வியாபாரத்திற்குத் தலைமை வகிக்குமா என்பதைப் பற்றிப் பேச வேண்டுமென்று சொல்லப்பட்டிருக்கிறது. இந்தக் கேள்வியை ஒரு ஜோசியரிடம் கொண்டு போனால், வெற்றிலைப் பாக்குத் தட்சணையோடு ஒரு நிமிஷத்தில் பதில் சொல்லிவிடுவார். நாம் கணக்கையும் காரணத்தையும் பார்த்துத்தான் சொல்ல வேண்டியவர்களாய் இருக்கிறோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். சீனா 2001-ல் உலக வர்த்தக ஸ்தாபனத்தில் சேர்ந்தது. 2009-ல் ஜெர்மனியைத் தாண்டி, உலகத்திலேயே அதிகச் சரக்கு ஏற்றுமதி செய்யும் தேசமாயிற்று. 2010-ல் ஜப்பானைத் தாண்டி அமெரிக்காவுக்கு அடுத்த ஸ்தானத்துக்கு வந்தது. இன்று உலகத்து யந்திரசாலைகளில் உண்டாகும் சரக்கின் மதிப்பில் 100-க்குச் சுமார் 30 பங்கு அங்கே உண்டாகிறது. வேறென்ன, களிமண் பிள்ளையாரைக்கூட நாம் சீனாவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டுமா என்று 2020-ல் நமது மத்திய நிதி மந்திரியே கேட்டார்! விக்கினம் தீர்க்கும் சுவாமியை, கடவுள் இல்லை என்று சொல்லும் கட்சி ஆளுகிற தேசத்திலிருந்து கப்பலில் ஏற்றி வரவழைக்கும் நமது பக்தியை என்னவென்று சொல்வது?

இந்த நிலைமை சீனர்களுக்கு எப்படி வந்தது? தலையெழுத்தினாலா? தலையெழுத்தென்றால் 1842-ல் அது எங்கே போயிருந்தது? அந்த வருஷத்தில்தான், நமது நாட்டில் விளைந்த அபினைச் சீனர் தலையில் கட்டுவதற்காக வெள்ளைக்காரன் சண்டை போட்டு ஜெயித்து ஹாங்காங்கைப் பிடுங்கிக் கொண்டான். காகிதமும், அச்சும், வெடிமருந்தும், திசைகாட்டியும் கண்டுபிடித்த ஜனங்கள், முன்னோர் வழக்கம் முன்னோர் வழக்கமென்று பெண்களின் காலைக் கட்டி முடமாக்கிக் கொண்டும், பழைய புத்தகத்தை நெட்டுருப் போட்டவனுக்கே உத்தியோகம் கொடுத்துக் கொண்டும் இருந்தார்கள். 1905-ல் அந்தப் பரீட்சை ஒழிந்தது. 1912-ல் கால் கட்டுவதற்குத் தடை வந்தது. 1919-ல் வாலிபர்கள் தெருவுக்கு வந்து, விஞ்ஞானமும் ஜனநாயகமும் வேண்டுமென்று கூச்சலிட்டார்கள். 1950-ல் வந்த கல்யாணச் சட்டம் குழந்தை மணத்தையும், பெண்ணைக் கேட்காமல் பிறர் செய்து வைக்கும் மணத்தையும் சட்ட விரோதமாக்கியது. பெண்கள் படித்தார்கள், வேலைக்குப் போனார்கள். 1980-ல் ஷென்ஜென் விசேஷ மண்டலம் ஏற்பட்டு யந்திரசாலைகள் வந்தபோது, அந்தக் கைகள் தயாராக இருந்தன.

எல்லாம் நன்றாகவே நடந்ததென்று நான் சொல்ல வரவில்லை. 1959 முதல் 1961 வரை அங்கே கோடிக்கணக்கான பேர் பஞ்சத்தில் செத்தார்கள். விளையாத தானியத்தை விளைந்ததாக அதிகாரிகள் கணக்கெழுதினார்கள். பொய்யென்று சொல்ல வாய் திறந்தவன் துரோகியாக்கப்பட்டான். வாயை அடைத்தால் வயிறும் காயும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி என்ன வேண்டும்? 1978-க்குப் பிறகுதான் கட்டுத் தளர்ந்தது.

சரக்குச் செய்வதில் சீனா முன்னமேயே முதலிடத்துக்கு வந்துவிட்டது. ஆனால் சரக்குச் செய்கிறவன் வேறு, வியாபாரத்துக்குத் தலைமை வகிக்கிறவன் வேறு. தலைமை வகிக்கிறவன் விற்கவும் வேண்டும், வாங்கவும் வேண்டும்; அவன் நாணயத்தைப் பிறர் நம்பிப் பெட்டியில் வைத்துக் கொள்ளவும் வேண்டும். ஒரு காலத்தில் இங்கிலீஷ் பவுனுக்கு அந்த யோக்கியதை இருந்தது. 1944-க்குப் பிறகு அமெரிக்க டாலருக்கு வந்தது. இன்று உலகத்து சர்க்கார்கள் சேமித்து வைத்திருக்கும் அந்நிய நாணயத்தில் பாதிக்கு மேல் டாலர். சீன யுவானோ 100-க்கு இரண்டு மூன்று பங்குதான். ஏனெனில் அந்தப் பணத்தை நினைத்தபோது வெளியே எடுத்துப் போக சர்க்கார் விடுவதில்லை. 2020 அக்டோபரில் ஜாக் மா என்ற பெருமுதலாளி பாங்கி அதிகாரிகளைக் குறை கூறிப் பேசினார். அடுத்த மாதமே அவருடைய ஆன்ட் கம்பெனியின் பங்கு விற்பனை நிறுத்தப்பட்டது. முதலாளிக்காக நான் கண்ணீர் விடவில்லை. கோடீஸ்வரன் கதியே இதுவானால், தனிச் சங்கம் வைக்கவும் உரிமையில்லாத தொழிலாளி கதி என்ன என்றுதான் கேட்கிறேன்.

சீன ஜனங்கள் வீட்டுச் செலவுக்குச் செய்வது தேச வருமானத்தில் 100-க்கு 40 அளவுதான்; அமெரிக்காவில் 68 அளவு. செய்கிறவன் வாங்க முடியாமலிருந்தால் சரக்கு வெளியேதானே போக வேண்டும்? போகிறது, மற்றவர்கள் வரிச்சுவர் எழுப்புகிறார்கள். 2018-ல் அமெரிக்கா ஆரம்பித்தது. 2024-ல் ஐரோப்பியர், சீன மின்சார மோட்டார் வண்டிகளுக்கு அதிக வரி போட்டார்கள்.

ஏன் வாங்க முடியவில்லை? காரணங்கள் பல உண்டு. அவற்றுள் நாம் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ‘ஹூகோ’ என்ற குடும்பப் பதிவு முறை. 1958-ல் சட்டமாயிற்று. கிராமத்துப் பதிவில் பிறந்தவன் கிராமத்தான். பட்டணத்துப் பதிவில் பிறந்தவன் பட்டணத்தான். கிராமத்தான் பட்டணத்துக்கு வந்து இருபது வருஷம் கட்டடம் கட்டினாலும், அவன் கட்டிய பள்ளிக்கூடத்தில் அவன் பிள்ளைக்கு இடம் கிடைப்பது கஷ்டம். பட்டணத்தானுக்குக் கிடைக்கும் வைத்திய உதவியும் பென்ஷனும் அவனுக்கு அதே அளவில் இல்லை. ஆகவே பிள்ளையைத் தாத்தா பாட்டியிடம் விட்டுவிட்டு, வியாதிக்கும் முதுமைக்குமென்று பணத்தை முடிந்து வைக்கிறான். சொந்த ஊரைவிட்டு இப்படிக் கூலி வேலை செய்பவர்கள் சுமார் 30 கோடிப் பேர்!

இதைக் கேட்டதும் உங்களுக்கு எது ஞாபகம் வருகிறதென்று நான் சொல்ல வேண்டியதில்லை. வித்தியாசமும் உண்டு. அது கடவுள் வகுத்ததென்று சாஸ்திரம் காட்டுவார் அங்கே இல்லை. சர்க்கார் எழுதிய காகிதம், சர்க்கார் கிழிக்கலாம்.

பிறவியைப் பார்க்கும் புத்தி வேறொரு வழியிலும் அவர்களைக் கெடுத்தது. ஒரு குழந்தைதான் என்ற சட்டமிருந்த காலத்தில், வம்சம் விளங்க ஆண்பிள்ளையே வேண்டுமென்று பெண் சிசுவைக் கருவிலேயே அழித்தார்கள். 2010-ல் பிறந்த பெண் 100-க்கு ஆண் ஏறக்குறைய 118. பிறக்காத பெண்கள் எப்படித் தாயாவார்கள்? 2022 முதல் ஜனத்தொகையே குறைகிறது. இதற்கு அது ஒன்றே காரணமல்லவென்றாலும், அதுவும் ஒரு காரணம். இத்தனைக்கும் 2008-ல் ஒலிம்பிக் பந்தயத்தை, அதிர்ஷ்ட எண் என்று எட்டாம் மாதம் எட்டாம் தேதி இரவு எட்டு மணிக்குத்தான் ஆரம்பித்தார்கள்!

ஆகவே என் அபிப்பிராயம், யந்திரமும் பாட்டரியும் மின்சார வண்டியும் செய்வதில் சீனா இன்னும் வெகு தூரம் போகும். உலக வியாபாரத்தின் தலைமை மட்டும் அந்த 30 கோடிப் பேர் பட்டணத்து மனிதராகிற வரையில் அதற்கு முழுமையாக வராது என்பதாகும். 2014-ல் இந்தப் பதிவு முறையைத் திருத்தத் தொடங்கினார்கள். சிறு பட்டணங்கள் கதவைத் திறந்திருக்கின்றன. பெய்ஜிங், ஷாங்காய் முதலிய பெரும் பட்டணங்களிலோ படிப்புக்கு இத்தனை மார்க்கு, உத்தியோகத்துக்கு இத்தனை மார்க்கு என்று போட்டுப் பார்த்துத்தான் பதிவு கொடுக்கிறார்கள். கல் சுமக்கிறவனுக்கு அதில் எத்தனை மார்க்கு விழுமென்று நீங்களே எண்ணிக் கொள்ளுங்கள்.

கேள்வி கேட்க விரும்பும் தோழர்கள் சீட்டில் எழுதித் தலைவர் அவர்களிடம் கொடுக்கலாம்.