உப்பைத் தாங்கும் பயிருக்கும் மண் பார்க்கணும்

(குருவிகுளம் வட்டாரக் கூட்டமைப்பு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)

எனக்கு மேடையிலே பேசிப் பழக்கமில்லை. குழுக்கடனில் பருத்தி போட்டு நான் பட்டதைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துகொள்கிறேன்.

உள்கடன் 20,000 ரூபாய் வாங்கி, ஓர் ஏக்கர் கரிசலைக் குத்தகைக்குப் பிடித்தேன். கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும். பருத்திதான் உப்பைத் தாங்குமே என்று துணிந்து போட்டேன். முளைத்ததில் பாதி கருகிவிட்டது. மிச்சம் முழங்கால் உயரத்திலேயே நின்று மஞ்சளித்தது. கடையில் கேட்டு நுண்ணூட்டத் தூள் போட்டேன். கேட்கவில்லை. இன்னொரு பை போட்டேன், கூடவே பொட்டாஷும் போட்டேன். ஒன்றரைக் குவிண்டால்தான் கண்டது. தவணை கட்ட வழியில்லை. குழுக்கூட்டத்துக்குப் போகவே கூச்சமாக இருந்தது.

எங்கள் பிரதிநிதி அக்கா வீட்டுக்கே வந்துவிட்டார். “கடன் கிடக்கட்டும் தாயி, மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தியா?” என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை.

அவரே கூட வந்தார். வயலில் பத்து இடத்தில் முக்கால் அடிக் குழி வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி, கலந்து, அரைக்கிலோ எடுத்துக் கொடுத்தோம். கார அமில நிலை 8.9 என்று வந்தது. 8.5-க்கு மேலே போனால் களர் என்றார் வேளாண்மை அலுவலர்.

அவர் சொன்னது இதுதான். உவர் நிலத்தில் உப்பு வெள்ளையாகப் பூக்கும். நல்ல தண்ணீர் தேக்கி வடித்தால் கழுவிப் போகும். களர் அப்படியில்லை. சோடியம் மண்ணோடு ஒட்டிக்கொண்டு மண்ணை இறுக்கிவிடும். தண்ணீர் கீழே இறங்காது. துத்தநாகம் மண்ணில் இருந்தாலும் வேருக்குக் கிடைக்காது. அந்த நிலத்தில் எத்தனை பை தூள் போட்டாலும் வீண். பொட்டாஷும் ஒரு உப்புதான். கணக்கில்லாமல் போட்டால் உப்புக்கு மேல் உப்பு. பருத்தியும் வளர்ந்த பிறகுதான் உப்பைத் தாங்கும், முளைப்பருவத்தில் தாங்காது.

களர் நிலத்துக்கென்றே திருச்சி வேளாண் கல்லூரி கொடுத்த திருச்சி 1, திருச்சி 3 நெல்லுக்குக்கூட நிலத்தைச் சீர்திருத்தி, துத்தநாகமும் போடத்தான் சொல்கிறார்கள். தாங்கும் பயிர் என்றால் உப்பு பிடிக்கும் பயிர் என்று அர்த்தமில்லை.

மறுவருடம் புரட்டாசியில், அட்டையில் எழுதிய அளவுக்கு ஜிப்சம் போட்டு உழுதேன். அதிலிருக்கும் கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிடும். தள்ளினதை மழைதான் வெளியேற்றணும். வரப்பை உயர்த்தி ஐப்பசி மழையைத் தேக்கி வடித்தேன். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூ எடுக்கையில் மடக்கி உழுதேன். மாசியில் பருத்தி போடும்போது ஏக்கருக்கு 10 கிலோ துத்தநாக சல்பேட்டை மணலில் கலந்து தூவினேன். டி.ஏ.பி.யோடு அதைக் கலக்கக் கூடாது, பலன் போய்விடும். அந்த வருடம் ஐந்து குவிண்டால் எடுத்தேன். கடன் அடைந்தது.

இப்போது பயிர்க்கடன் கேட்டால் மண் பரிசோதனை அட்டையும் வேண்டும் என்று எங்கள் குழுவில் தீர்மானம் எழுதியிருக்கிறோம். நீங்களும் எழுதுங்கள். கடைக்குப் போகுமுன் அரைக்கிலோ மண்ணை எடுத்துக்கொண்டு போங்கள் தாயி.